மடக்குத் தூண்டில் செட்: பிள்ளையோடு சித்தூர்ப் புழைக்குப் போகுமுன்

ஆன்லைனில் குழந்தைகளுக்கான தூண்டில் செட் என்று தேடினால் வருவதெல்லாம் ஏறக்குறைய ஒரே சாமான்தான். பையின் நிறமும் மேலே ஒட்டியிருக்கும் பேரும் மாறும், உள்ளே இருப்பது மாறாது. 1.8 மீட்டர் மடக்குத் தடி, 2000 என்று எண் போட்ட சின்ன ரீல், அதில் சுற்றிய நரம்பு (தூண்டில் நூல்), நாலைந்து பிளாஸ்டிக் மீன், ஒரு டப்பாவில் தூண்டில் முள், ஈயம், மிதக்கும் தக்கை. விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி முன்னே பின்னே. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்தில் இருப்பவர்கள் பிள்ளையைப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் புழைக்கு, அதாவது சித்தூர் ஆற்றுக்கு, கூட்டிப்போக இதை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அப்படியே எடுத்துக்கொண்டு போகக் கூடாது. தடியும் ரீலும் தேறும். டப்பாவில் இருப்பதில் முக்கால்வாசி இந்தப் புழைக்கு ஆகாது. மேலே ஒரு இருநூறு ரூபாய் போட்டு முள், நரம்பு, தக்கை மூன்றையும் மாற்றிவிட்டால் எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நல்ல தூண்டில். எட்டுக்குக் கீழே என்றால் காசைச் செலவழிக்கவே வேண்டாம், மூங்கில் தடி போதும்.

செட்டின் குறை தரத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. பெரிய மீனை எண்ணிச் செய்த பெட்டி இது. நம் புழையில் கரையோரம் பிள்ளையின் தூண்டிலுக்கு வருவது கெண்டை, ஜிலேபி, கெளுத்தி, எப்போதாவது ஒரு குறவை. பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கெண்டையின் வாய் சட்டைப் பொத்தான் அகலம்கூட வராது. டப்பாவில் இருக்கும் முள்ளை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள், வளைவே சுண்டுவிரல் நகத்தைவிட அகலம். கெண்டை அதில் தொங்கும் புழுவின் வாலைக் கடித்து இழுக்கும், முள் வாய்க்குள் போகவே போகாது. தக்கை துடித்துக்கொண்டே இருக்கும், பிள்ளை இழுத்துக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் வெறும் முள்தான் மேலே வரும். அரைமணி நேரத்தில் பிள்ளைக்கு ஆசை விட்டுப்போகும். "இந்தப் புழையில் மீனே இல்லை" என்று பலர் சொல்வதற்குக் காரணம் மீன் இல்லாதது அல்ல, முள் பெரிதாக இருப்பது.

முள்ளின் எண் கூடக் கூட முள் சிறுக்கும். கெண்டைக்கு 12, 14. ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் 8, 10. எண்ணுக்குப் பக்கத்தில் பூஜ்யம் சேர்ந்து 1/0, 2/0 என்று வந்தால் கணக்குத் தலைகீழ், அது விராலுக்கும் கடலுக்கும் உள்ளது. கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறும் என்பதால் கெண்டைக்கு ஒரு நெல்மணியைக் கையில் கொண்டுபோய், ஏறக்குறைய இதன் நீளத்தில் முள் வேண்டும் என்று கேட்பது எல்லாவற்றையும்விடச் சரியான அளவுகோல். சித்தூர், கொல்லங்கோடு கடைகளில் "சூண்டை" என்றால்தான் எடுத்து வைப்பார்கள். முள் என்று கேட்டால் அவர்கள் காதில் அது செடியின் முள்ளாகவோ மீனின் முள்ளாகவோ விழும். தக்கைக்கு அங்கே "பொங்ஙு".

சின்ன முள்ளில் பலவற்றுக்கு நரம்பு நுழையும் காது இருக்காது, தண்டின் தலையைத் தட்டையாக அடித்திருப்பார்கள். காதுள்ள முள்ளைக் கட்டுவதுபோல அதைக் கட்டினால் வழுக்கிக் கழன்றுவிடும். நரம்பைத் தண்டோடு சேர்த்துப் பிடித்து, வளைவுப் பக்கமாக ஒரு கண்ணி விட வேண்டும். நுனி நரம்பால் தண்டையும் கண்ணியையும் சேர்த்து, தட்டைத் தலையிலிருந்து வளைவை நோக்கி நெருக்கமாக ஏழு சுற்று. கடைசியில் நுனியைக் கண்ணிக்குள் விட்டு, நீள நரம்பை இழுத்தால் கண்ணி சுருங்கி நுனியைக் கவ்விக்கொள்ளும். நரம்பு தட்டையின் எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். முள்நுனி இருக்கும் பக்கமாக வர வேண்டும். முதுகுப் பக்கமாக வந்தால் தட்டையின் ஓரம் நரம்பை அறுத்துவிடும், முள்ளும் சரியான கோணத்தில் நிற்காது.

காதுள்ள முள் என்றால் நரம்பைக் காதில் நுழைத்து, தன்மேலேயே ஐந்து முறை முறுக்கி, நுனியைக் காதை ஒட்டிய முதல் கண்ணியில் விட்டு, எச்சில் தொட்டு நனைத்து மெல்ல இறுக்குவது போதும். நனைக்காமல் வெடுக்கென்று இழுத்தால் உரசல் சூட்டில் முடிச்சு போட்ட இடத்திலேயே நரம்பு பலம் இழக்கும். பெரும்பாலும் மீன் அறுத்துக்கொண்டு போவது அந்த இடத்தில்தான்.

கட்டி முடித்ததும் இன்னொரு வேலை. முள்நுனிக்குச் சற்றுக் கீழே, பின்பக்கமாகத் தூக்கி நிற்கும் சின்ன நாக்கைக் குறட்டால் அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். பிள்ளையோடு போகும்போது இதை விடவே கூடாது. நாக்கு இல்லாத முள் விரலில் ஏறினால் வந்த வழியே திரும்ப எடுத்துவிடலாம். நாக்கோடு ஏறினால் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். நாக்கு உள்ளே புதைந்துவிட்டாலோ, கண்ணுக்குப் பக்கத்தில் ஏறினாலோ இழுக்காதீர்கள். நரம்பை மட்டும் வெட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழி. நாக்கை அமுக்கினால் மீன் நழுவிப்போகும் என்ற பயம் வேண்டாம். நரம்பைத் தொய்ய விடாமல் தூக்கினால் உள்ளங்கை அளவு மீன் நழுவாது. பிளாஸ்டிக் மீன்களில் தொங்கும் மூன்று கொக்கி முள்ளைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். கெண்டையும் கெளுத்தியும் அதை மோந்துகூடப் பார்க்காது, பக்கத்தில் நிற்கும் தம்பி தங்கையின் சட்டையில்தான் மாட்டும்.

ரீலைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. கைப்பிடியைக் கழற்றி இடம் வலம் மாற்றிக்கொள்ளலாம், இடதுகைப் பிள்ளைக்கு நல்லது. ஆனால் அதில் வரும் நரம்பு தடிமன், சுருள் சுருளாக நினைவு வைத்துக்கொண்டு நிற்கும். விட்டத்தில் 0.22 மி.மீ. நரம்பு ஒரு 50 மீட்டர் வாங்கி மேலே சுற்றினால் போதும், அடியில் பழைய நரம்பு இருக்கட்டும். எவ்வளவு சுற்றுவது என்பதில் கவனம் வேண்டும். உருளையின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நின்றுவிட வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் வீசும்போது நாலைந்து சுற்று ஒன்றாகக் கொட்டிக் குருவிக்கூடு கட்டிவிடும். குறைவாகச் சுற்றினால் நரம்பு விளிம்பில் உரசி தூரம் போகாது. வீசி முடித்ததும் ரீலின் கம்பி வளையத்தைக் கையாலேயே மூடப் பிள்ளைக்குப் பழக்குங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடினால் தொய்வாக ஒரு கண்ணி உள்ளே சேர்ந்துகொண்டே போகும், பத்தாவது வீச்சில் அது சிக்காக வெளியே வரும். ரீலின் அடியில் சின்ன நெம்பு இருந்தால், கைப்பிடி பின்பக்கம் சுற்றாதபடி அதைத் தள்ளி வையுங்கள். பிள்ளைகள் பதற்றத்தில் முதலில் சுற்றுவது பின்பக்கம்தான்.

தடி பெரும்பாலும் கண்ணாடி நாரால் ஆனது, மேலே கார்பன் என்று எழுதியிருந்தாலும். கண்ணாடி நார் கொஞ்சம் கனம், ஆனால் அடிபட்டால் தாங்கும். பிள்ளையின் கைக்கு அதுவே மேல். விரிக்கும்போது மெல்லிய நுனிக் கணுவிலிருந்து ஆரம்பித்து அடிப்பக்கம் வர வேண்டும், வளையங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மடக்கும்போது அடிக்கணுவிலிருந்து நுனிக்கு. மாற்றிச் செய்தால் மெல்லிய நுனி வெளியே தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்போது வளைந்து ஒடியும். கணுக்களை உதறி விரிக்கக் கூடாது, ஒன்றுக்குள் ஒன்று இறுகி மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் முறுக்கித் திருகாதீர்கள். தடியைச் செங்குத்தாகப் பிடித்து அடியை மரப்பலகையில் மெல்லத் தட்டினால் இறங்கும். இறங்காவிட்டால் காரணம் பெரும்பாலும் மணல்தான். அடிமூடியைக் கழற்றித் தண்ணீர் விட்டு அலசுங்கள். புழை மணலில் தடியைக் கிடத்தவே கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நனைந்த எந்தத் தடியும் மின்சாரம் கடத்தும், ஆகவே கரைமேல் கம்பி போகும் இடத்தில் விரிக்காதீர்கள். ஐப்பசியை ஒட்டிய துலாமழைக் காலத்தில் மதியத்துக்கு மேல் இடி கேட்டால் உடனே மடக்கிவிட வேண்டும்.

தக்கையில் செட் மோசம். கோலிக்குண்டுபோல உருண்டையான சிவப்பு வெள்ளைத் தக்கை, கெண்டை கடிப்பது அதில் தெரியவே தெரியாது. பென்சில்போல மெலிந்த தக்கை வாங்குங்கள், பத்து ரூபாய் சாமான். மயிலிறகின் தண்டை விரல்நீளம் நறுக்கினாலும் அருமையான தக்கை, கீழே உதிர்ந்து கிடப்பதை எடுத்தால் போதும். முள்ளுக்கு மேலே நாலு விரல்கடை தள்ளி ஈயக்குண்டைக் கவ்வ வைத்து, தக்கையின் நுனி ஒரு நெல்மணி அளவு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும்வரை ஈயத்தைக் கூட்டுங்கள். பாதித் தக்கை மேலே நின்றால் மீன் அதை இழுக்கும்போதே பாரம் உணர்ந்து இரையைத் துப்பிவிடும். ஈயத்தைக் குறட்டால் அமுக்க வேண்டும், பல்லால் கடிக்கக் கூடாது. பெரியவர்கள் கடிப்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கடிக்கும். ஈயம் விஷம். டிபன் டப்பாவைத் திறக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைத் தெரியாமல் இந்தப் பக்கம் தக்கை போட முடியாது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கேயிருந்து அடிக்கும் அந்தக் காற்று நரம்பைப் பட்டம்போலத் தூக்கி, தக்கையைக் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். காற்று முதுகில் படும் கரையில் உட்காருங்கள். வீசியதும் தடிநுனியைத் தண்ணீருக்குள் ஒரு சாண் அமுக்கி நரம்பை மூழ்கடித்துவிட்டால் தக்கை நின்ற இடத்தில் நிற்கும். காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை காற்றும் குறைவு, மீனும் கடிக்கும், பிள்ளையின் பொறுமைக்கும் அவ்வளவு நேரம்தான் கணக்கு.

இரைக்குச் செட்டில் இருக்கும் ரப்பர் புழு வேண்டாம். நாக்குப்பூச்சியை (மண்புழுவை) விரற்கடை நீளம் கிள்ளி, முள்ளில் கோத்து, வால் கொஞ்சம் துடிக்கும்படி விடுங்கள். முழுப் புழுவைத் தொங்கவிட்டால் கெண்டைக்கு விருந்து, உங்களுக்கு வெறும் முள். மாவு என்றால் ஒரு கைப்பிடி மைதாவுக்கு ஒரு ஸ்பூன் கடலைப் புண்ணாக்குத் தூள், தண்ணீர் தெளித்து சப்பாத்தி மாவைவிட இறுக்கமாகப் பிசைய வேண்டும். கையில் ஒட்டினால் தண்ணீரில் கரையும். ஒரு சிட்டிகைப் பஞ்சைப் பிய்த்துச் சேர்த்துப் பிசைந்தால் முள்ளில் நிற்கும். மிளகு அளவு உருட்டினால் போதும். உருட்டும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள், விரல் சின்னது, உருண்டையும் சரியான அளவில் வரும். கெண்டைக்கு இரை அடிமண்ணுக்கு ஒரு சாண் மேலே, கெளுத்திக்கு மண்ணைத் தொட்டபடி.

தக்கை ஆடுவதைக் கண்டு இழுக்கக் கூடாது, மூழ்கும்போது அல்லது ஒரு பக்கமாக வழுக்கிப் போகும்போதுதான். அப்போதும் தோளிலிருந்து வீசி இழுக்காமல் மணிக்கட்டை மட்டும் மேலே தூக்க வேண்டும். "விடு கண்ணு, விடு... இப்பத் தூக்கு" என்று பக்கத்திலிருந்து சொன்னால் நாலு தடவையில் பழகிவிடும். பிள்ளைக்குப் பின்னால் மூன்று மீட்டருக்குள் யாரும் நிற்க வேண்டாம்.

கெளுத்தி வந்தால் பிள்ளை தொடவே கூடாது. முதுகில் ஒன்று, இரண்டு பக்கத் துடுப்பிலும் ஒவ்வொன்று என மூன்று முள், விறைத்துக்கொண்டு நிற்கும். குத்தினால் கடுகடுவென்று தோள்வரை ஏறும் வலி. தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அரைமணி நேரம் வைத்தால் வலி இறங்கும். சூட்டைப் பெரியவர் தன் கையில் பார்த்துத்தான் வைக்க வேண்டும், வலியில் பிள்ளைக்குச் சூடு தெரியாது. முள்ளின் துண்டு உள்ளே நின்றாலோ வீங்கினாலோ டாக்டரிடம் காட்டி, டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பிளாஸ்க் வெந்நீர் கையோடு இருப்பது நல்லது. ஜிலேபியின் முதுகு முள்ளைத் தலையிலிருந்து வால்பக்கமாக நனைந்த கையால் நீவி மடக்கிப் பிடித்தால் குத்தாது. வாயிலிருந்து முள்ளை எடுக்கச் செட்டில் எதுவும் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நீளமூக்கு ஃபோர்செப்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சின்ன வாய்க்குள் குறடு நுழையாது.

பெட்டிக்குள் இல்லாத சாமானில் முக்கியமானது மிதவைச் சட்டை. அது இல்லாமல் பிள்ளையைக் கரையில் நிறுத்தாதீர்கள், தண்ணீர் முழங்கால் அளவுதான் என்று தோன்றினாலும். மணல் அள்ளிய குழிகள் இந்த ஆற்றில் வெளியே தெரியாது. முழங்கால் தண்ணீரிலிருந்து அடுத்த அடியில் ஆள் மூழ்கும். சட்டை வாங்கும்போது பிள்ளையின் எடைக்கு ஏற்றதா என்று பார்த்து, போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறினால் பெரிது. தொடைகளுக்கு நடுவே வரும் பட்டை உள்ளதாக எடுங்கள், அது இல்லாவிட்டால் தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும்.

மழை பெய்தால் மட்டும் ஏறும் ஆறு அல்ல இது. ஆளியாற்றுத் தண்ணீர் தமிழக எல்லையிலுள்ள மணக்கடவில் அளந்து விடப்படுகிறது. தமிழகமும் கேரளமும் 1970ஆம் ஆண்டு செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பக்கத்துக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. திறப்பு கூடினால் வெயில் அடிக்கும் நாளிலும் தண்ணீர் ஏறும். உட்கார்ந்ததும் தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, மட்டத்தில் கோடு கீறி வைத்து, பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். கோட்டுக்கு மேலே நாலு விரல் ஏறினாலோ, தெளிந்த தண்ணீர் கலங்கிச் சருகு மிதந்து வந்தாலோ எழுந்துவிட வேண்டும். ரெகுலேட்டருக்கும் தடுப்பணைக்கும் அடியில் மீன் கூடி நிற்கும் என்பது உண்மைதான், அங்கே பிள்ளையோடு போகக் கூடாது. காலில் புண் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துப் புதுவெள்ளம் வரும்போது முட்டையோடு மேலேறும் மீனைப் பிடிப்பதற்கு மலையாளத்தில் ஊத்தபிடித்தம் என்று பேர். கேரளத்தில் அது தடை. மற்ற மாதங்களிலும் வயிறு உப்பிய கெண்டையைத் திரும்ப விடப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இனி மூங்கில். எட்டு வயதுக்குக் கீழே ரீல் ஏன் வேண்டாம் என்றால், கம்பி வளையத்தைத் திறந்து, நரம்பை ஆள்காட்டி விரலில் பிடித்து, வீசும் வேகத்தில் சரியான கணத்தில் விரலை விடுவது ஒரே சமயத்தில் மூன்று வேலை. சின்னப் பிள்ளைக்கு அது கைவராது, ரீல் மட்டுமே கால் கிலோவை ஒட்டிய கனம், மணிக்கட்டும் வலிக்கும். இரண்டரை மீட்டர் கல்மூங்கில், அடி பெருவிரல் தடிமன், நுனி ஈர்க்குச்சியைவிடச் சற்றுப் பெரிது. நிழலில் இரண்டு மூன்று வாரம் காயவைத்தால் எடை குறையும். நரம்பை நுனியில் மட்டும் கட்டாமல் தடியின் நடுவில் முதலில் கட்டி, சுற்றிக்கொண்டே போய் நுனியில் மறுபடி கட்டுங்கள். நுனி ஒடிந்தாலும் மீன் போகாது. நரம்பின் நீளம் தடியைவிட ஒரு சாண் குறைவாக இருந்தால், தடியை நிமிர்த்தும்போது முள் பிள்ளையின் கைக்கே வந்து நிற்கும், காற்றில் ஊசலாடாது. கரையோரக் கெண்டைக்கு இந்த நீளமே போதும்.

வீட்டுக்கு வந்ததும் தடியை விரித்து ஒவ்வொரு கணுவாக ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் மடக்குங்கள். ரீலைத் தண்ணீரில் முக்க வேண்டாம். கைப்பிடி மூட்டிலும் கம்பி வளையத்தின் கீலிலும் தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. வெட்டிய நரம்புத் துண்டு ஒன்றுகூடக் கரையில் கிடக்கக் கூடாது, மேய வரும் மாட்டின் குளம்பிலும் கொக்கின் காலிலும் சுற்றிக்கொள்ளும். முள்ளைக் கிளம்புமுன் எண்ணுங்கள், புழைக்கரையை விட்டு எழுந்திருக்குமுன்பும் எண்ணுங்கள். பாறையில் சிக்கி அறுந்தது போக ஒன்று குறைந்தால், உட்கார்ந்த சாக்கையும் பிள்ளையின் சட்டைப் பையையும் செருப்பின் அடியையும் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும்.